நான் போட்டுவிட்ட கடைசி எழுத்து

இக்காஸ்ட், டென்மார்க்
2009 ஆனி

அன்பு மகள் சாருஜா அறிய, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த வடகடல் காற்றில் உடம்பையாவது நல்லபடி வைத்திருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறோம். எந்தக் கடிதமும் இப்படி ஒரு முகமனோடுதான் தொடங்கவேண்டும் என்று எனக்குப் படிப்பித்தார்கள். முகமன் கூறுவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்றும் படிப்பித்தார்கள். அந்த ஒரு சொல்லைத்தான் இப்போது எழுதக் கை கூசுகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை வாசி.

தமிழில் எழுதுகிறேன், அதுவும் தாளில். நீ தமிழை வரிக்குக் கீழே விரலை வைத்து, வாய்விட்டு, மெதுவாகத்தான் வாசிப்பாய் என்பது தெரியும், இந்தமுறை எனக்கு அது வசதி. எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், நீ டேனிஷில் பதில் சொல்வாய், சண்டை என்று வந்தால் இரண்டு பேரும் ஆங்கிலத்துக்கு மாறுவோம். இது சண்டைக் கடிதம் அல்ல. அதோடு ஆங்கிலத்தில் நான் இனி நம்பத்தகுந்த ஆள் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. அம்மா கொமூன நகரசபை அலுவலகத்துக்குத் திரும்பவும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஒரு நேரம்தான் சாப்பிடுகிறார். மாமாவின் சாவுச் செய்தி வந்த கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. தேவராசா என்று இங்கே மரக்கறிக் கடை வைத்திருக்கிறாரே, மட்டக்களப்பார், அவருடைய மனைவி அருள்நாயகி சோறும் பருப்பும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், முதல்நாள் கொண்டுவந்த சட்டியை எடுத்துக்கொண்டு போவார். நான் அதைச் சாப்பிட்டேன். ஒரு கிழமையாகச் சாப்பிட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன விளங்கவில்லை என்பது பின்னால் வரும்.

முதலில் உன் படிப்பைப் பற்றி. நீ அபர்டீனுக்குப் போய் ஸ்கொற்ஸ் மொழி இலக்கியம் படிக்கப்போகிறேன் என்று சொன்ன நாளில், அது கிழிஞ்ச இங்கிலிஷ்தானே பிள்ளை, படிக்கிறதிலும் பார்க்கத் தைச்சுப் போடலாமே என்று நான் கேட்டேன். அம்மா சிரித்தார், நீ சிரிக்கவில்லை. அம்மா சிரித்ததே எனக்குப் போதுமாக இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். உலகத்தில் இரண்டு வகை எழுத்துத்தான் உண்டு, சரியானது, இன்னும் திருத்தப்படாதது என்று நம்பி வளர்ந்தவன். நீ பொறுமையாகச் சொன்னாய்: அது ஒரு காலம் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் இருந்த மொழி, அதில் பெரிய பாட்டுக்கட்டுகளும் சட்டங்களும் அச்சில் வந்தன, பிறகு அரசன் லண்டனுக்குப் போனான், வேதப்புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது, மொழி மெல்ல மெல்லக் குசினிக்குள் போனது. அப்படியும் சாகவில்லை, தெருவில் மூட்டை சுமந்து விற்கிறவர்கள் ஊசி நூலோடு மலிவான சின்னப் பாட்டுப் புத்தகங்களையும் சந்தை சந்தையாகக் கொண்டுபோனார்கள், எழுத்து அறியாத சனம் நூறு அடி இருநூறு அடிக் கதைப்பாட்டை வாயிலேயே வைத்திருந்தது என்றாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதைவிட, பதில் சொல்ல இடம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது சரி.

அந்தச் சின்னக் குறியைப் பற்றி நீ சொன்னதும் நினைவிருக்கிறது. அந்த மொழியை அச்சடித்தவர்கள், ஆங்கிலத்தில் எங்கெங்கே ஒரு எழுத்து இருக்குமோ அங்கெல்லாம் வரிக்கு மேலே ஒரு சின்னக் கொக்கியைத் தொங்கவிட்டார்களாம், இங்கே ஒரு எழுத்து விழுந்துபோயிற்று, மன்னிக்கவும் என்று காட்ட. ஒரு எழுத்தும் விழவில்லை அப்பா, அது அங்கே இருந்ததே இல்லை என்று டேனிஷில் கத்தினாய். இந்தக் காலத்தில் எழுதுகிறவர்கள் அந்தக் கொக்கியைப் போடுவதில்லை, நானும் போடமாட்டேன் என்றாய். அச்சகத்துக்கு எழுத்து வார்க்கிற ஈயம் மிச்சம் என்றேன். உன் மாடிக்கட்டடப் படிக்கட்டில் கீழ்வீட்டில் இருக்கிற இன்னஸ் அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது, “என்ன” என்பதற்கு வீட்டில் சொல்கிறமாதிரி “ஃபிட்” என்று வகுப்பில் சொன்னதற்கு வாத்தியார் தோல்வாரால் உள்ளங்கையில் அடித்த கதையையும் சொன்னாய். அடிச்சும் திருந்தேல்லையோ என்று கேட்டேன். இத்தனைக்கும், சென்னையிலிருந்து வந்த ஒரு பேச்சாளர் நாங்கள் ஆம் என்பதற்கு “ஓம்” என்று சொல்வதைக் கேட்டுச் சிரித்தபோது, அந்த மனிதரைச் சாப்பிட விடாமல் வாதாடியவன் இதே நான்தான். தேவராசா எங்கள் மன்றத்து மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தந்தபோது, அதில் இருந்த “மறுகா” எல்லாவற்றையும் ஒன்று விடாமல் “பின்னர்” ஆக்கியவனும் நானேதான். அச்சில் வந்ததைப் பார்த்து அவர், நல்ல வடிவாத்தான் இருக்கு அண்ணன், ஆர் எழுதினது என்று கேட்டார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு, போர் முடிந்தது என்று அறிவித்த அந்தத் திங்கட்கிழமை வந்தது. அதைப் பற்றி உனக்கு நான் எழுத ஒன்றும் இல்லை. தொலைக்காட்சியில் கொழும்புத் தெருவில் சனம் கொடி பிடித்துக்கொண்டு பானை பானையாகப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தது. அம்மா தொலைபேசியை மடியில் வைத்தபடி இருந்தார், வன்னிக்குள் இருந்த தம்பி எப்படியும் எடுப்பான் என்று. இரத்தினசிங்கம் மாமா எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து உன் மின்னஞ்சல் வந்தது, ஆங்கில எழுத்தில் மூன்றே மூன்று வரி. அப்பா, திங்கட்கிழமையிலிருந்து கிறீற்றின். படிக்கட்டு முழுக்க என்னோடு கிறீற்றின். இன்னஸ் அம்மா சூப் கொண்டுவந்தார். அவ்வளவுதான். நீ “கிறீற்றின்” என்று எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு எழுத்துக் குறைந்திருந்தது, கொக்கியும் இல்லை. பிழை திருத்துகிறவன் கண் அதற்குமேல் போகாது. நான் அந்த எழுத்தைப் போட்டு அதைக் “கிறீற்றிங்” ஆக்கினேன், ஆங்கிலத்தில் முகமன், வாழ்த்து. ஆக்கியபின் வாசித்தேன். என் மகள் திங்கட்கிழமையிலிருந்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படிக்கட்டு வீட்டுக்காரர் எல்லாரும் அவளோடு சேர்ந்து வாழ்த்திக் கைகுலுக்குகிறார்கள். விருந்துக்குச் சூப். ஒரு எழுத்தைப் போட்டதும் மற்றது எல்லாம் எவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியது என்று பார். பிழை திருத்தும் தொழிலில் அதுதான் ஆபத்து என்று எனக்கு முதலாளி சொல்லியிருக்கிறார், நான் அதை மற்றவர்களுக்குச் சொன்ன புத்தி என்று நினைத்தேன்.

ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பற்றி அப்படி நம்புவானா என்று நீ கேட்கலாம், அம்மாவும் கேட்டார். அந்தக் கிழமை நான் எதையும் நம்பக்கூடிய நிலையில் இருந்தேன் என்று சொன்னால் அது சாட்டு. உண்மை என்னவென்றால், உனக்கு எங்களுடைய பாஷையும் இல்லை, நாங்கள் பட்ட பாடும் இல்லை என்று உள்ளுக்குள் எப்போதோ எழுதி வைத்திருந்தேன், உன் மூன்று வரியும் வந்து அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது. உடனே உனக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதினேன், எங்களுக்கு இனி உன் கிறீற்றிங் தேவையில்லை என்று. உன் வாழ்த்தும் வேண்டாம், வணக்கமும் வேண்டாம், போ என்ற கருத்தில். அரை மணித்தியாலத்தில், அந்த ஊர் ஓமோடு, உன் பதில் வந்தது: “அய் அப்பா. நீங்களும் கிறீற் பண்ண வேண்டாம், அம்மாவையும் பண்ண விடாதேங்கோ.” அதை நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீங்களும் என்னோடு பேசவேண்டாம், அம்மாவும் பேசவேண்டாம், உறவு முடிந்தது என்று நீ எழுதியிருக்கிறாய் என்று. அந்தத் திமிரை நான் மெச்சக்கூடச் செய்தேன், என் மகள்தானே என்று. நீயோ என் வரியை உன் ஊர்க் கருத்தில் வாசித்திருக்கிறாய். எங்களுக்காக இனி அழவேண்டாம் என்று அப்பா தன்னுடைய வறண்ட பாணியில் தேற்றுகிறார் என்று நினைத்து, நீங்களும் அழவேண்டாம், அம்மாவையும் அழ விடாதேங்கோ என்று என்னைத் தேற்றியிருக்கிறாய். நாங்கள் இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, நான் உன்னை வெட்டினேன், நீ என்னை அணைத்தாய். இதை நான் வேறொருவரைப் பற்றி எழுதியிருந்தால் சனம் ரசித்திருக்கும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது வீட்டுக்குள் வெட்கம். அந்தச் சனிக்கிழமை ஹேர்னிங்கில் அஞ்சலிக் கூட்டம். என்னைப் பேசக் கேட்டிருந்தார்கள். மண்டபம் நிறையச் சனம், எனக்கு முன்னால் பேசின இரண்டு பேரும் பாதியில் அழுதுவிட்டு இறங்கினார்கள். நான் ஏறினேன். எங்கள் பிள்ளைகளிலேயே ஒருத்தி இந்தக் கிழமை வாழ்த்துச் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அயலட்டை அவளுக்கு விருந்து கொடுக்கிறது என்று சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, “கொழும்பிலை பாற்சோறு, அபர்டீனிலை சூப்” என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. டென்மார்க் தமிழரில் அபர்டீனுக்கு அனுப்பின பிள்ளை ஒன்றுதான் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். கைதட்டினார்கள், அது நெடுநேரம் நீடித்தது. எனக்கு அந்த வசனம் காரிலேயே கிடைத்திருந்தது. போகும் வழியில் அதை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்து, இதுதான் நல்லாயிருக்கிறது என்று தேர்ந்தெடுத்தேன். சாருஜா, இந்தக் கடிதத்தில் நான் எழுதுவதற்கு மிகவும் கூசுவது இந்த வரியைத்தான். துக்கத்தில் வாய் தவறியது என்றால் மன்னிக்கலாம். எனக்கு வாய் தவறவில்லை, அழகாக வந்தது.

அந்தச் சனத்தை நான் குறை சொல்லமாட்டேன். மாதக்கணக்காக அழுதவர்களுக்கு, கைக்கு எட்டுகிற தூரத்தில் கோபப்பட ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் என் மகளைக் கொடுத்தேன். அன்று பின்னேரமே அந்த வசனம் தொலைபேசி தொலைபேசியாக ஓடி ஒடென்சேக்குப் போய், உன் சிநேகிதி ஷர்மினி அதை உனக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு நீ என் தொலைபேசியை எடுக்கவில்லை. குற்றம் செய்தவள் எப்படி எடுப்பாள் என்று நான் அம்மாவிடம் விளக்கம் சொன்னேன். அடுத்த கிழமை அகதி முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருவர் மூலம் மாமாவின் முடிவு உறுதியானது. அம்மா உனக்கு எடுத்தார். நீங்கள் இரண்டு பேரும் அழுததை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன், ஒருவர் தமிழில், ஒருவர் டேனிஷில். முப்பத்தோராம் நாளுக்கு வாறியா என்று அம்மா கேட்டபோது நீ வரவில்லை என்றிருக்கிறாய். ஏன் என்றதற்கு, அப்பாவைக் கேளுங்கோ என்று வைத்துவிட்டாய். அம்மா வந்து கேட்டார். அவளுக்குத் தெரியும் என்று நான் மிகவும் கம்பீரமாகச் சொன்னேன்.

போன சனிக்கிழமை பிரெடெரிசியாவில் இன்னொரு கூட்டம். ஹேர்னிங்கில் பேசினதையே பேசச்சொல்லி அழைத்தார்கள். என் காரில் தேவராசாவும் வந்தார். நான் பேசப்போவதை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். அண்ணன், அதை அங்க வந்து கேக்கத்தானே போறன், மறுகா இஞ்சயும் என்னத்துக்கு என்று சொல்லிவிட்டு, கார்க் கதவுப் பையைக் கிண்டி ஒரு சீடி இறுவட்டை எடுத்தார். நீ தைப்பொங்கலுக்கு அனுப்பியது. ஊர் ஊராகப் போய்ப் பதிந்த கிழவர் கிழவிகளின் குரல், கட்டாயம் கேளுங்கோ அப்பா என்று எழுதியிருந்தாய். அதன் பெட்டியை நான் மாரி முழுவதும் கண்ணாடியில் உறைபனி சுரண்டப் பாவித்தேன், நல்ல உறுதியான பெட்டி. தேவராசா ஏதோ வில்லுப்பாட்டு என்று நினைத்துப் போட்டுவிட்டார். ஒரு வயதான பெண்ணின் குரல் வந்தது. இடையில் நீ அவரை இன்னஸ் அம்மா என்று கூப்பிட்டதால் சூப் கொண்டுவந்த மனிசி இவர்தான் என்று தெரிந்தது. முதுகில் மீன்கூடையோடு கிராமம் கிராமமாக நடந்த ஒரு பெண்ணின் கதை, அவள் கூடைக்குள் இருந்து ஒரு மீன் அவளோடு கதைக்கத் தொடங்குகிறது. எனக்குப் பத்தில் நாலு சொல் விளங்கியது. மற்ற ஆறையும் நான் வழக்கம்போல் திருத்திக்கொண்டு வந்தேன்.

அப்போது அந்தப் பதிவுக்குள் ஒரு சின்னப் பிள்ளை வீரிட்டு அழத்தொடங்கியது. இன்னஸ் அம்மாவின் பேத்தியின் பிள்ளையாக இருக்கவேண்டும். அவர் கதையை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையைப் பார்த்து, “ஃபிட் யி கிறீற்றின் அற், மா குவைன்?” என்றார். அதே நேரத்தில், தனக்கு ஆங்கிலமும் ஸ்கொற்ஸும் ஒன்றுதான், இரண்டும் விளங்காது என்கிற தேவராசா, பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்ட பழக்கத்தில், ரேடியோவைப் பார்த்து, “என்னத்துக்கு மனே அழுறாய்?” என்று கேட்டார். இரண்டு வசனமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. திருத்தின தாளையும் திருத்தாத தாளையும் ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம், எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும், அப்படி. அழுகிற பிள்ளையிடம் ஏன் வாழ்த்துகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அடுத்தபடி டேனிஷ் வந்தது. “கிறேத”, அழுவது. இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை இவர்கள் விழுங்குகிறமாதிரி எனக்கு விழுங்க வராது என்று பகிடி விட்டிருக்கிறேன், ஆனால் பிள்ளைகள் காப்பகத்தில் உன்னை விட்டுவிட்டு வந்த முதல் கிழமை முழுவதும் அந்தப் பெண்கள் எனக்குச் சொன்னது இந்தச் சொல்லைத்தான். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சொல். நடுவில் நான் மட்டும் பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு நின்றிருக்கிறேன்.

நான் போகவேண்டிய பாதையை விட்டுவிட்டேன். கிறுகுங்க அண்ணன், கிறுகுங்க, விட்டிட்டீங்க என்று தேவராசா கத்தினார். நான் கிறுகவில்லை, காரைத் திருப்பாமல் அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தினேன். என்ன அண்ணன், சுகமில்லையா என்றார். அதைத் திரும்பப் போடுங்கோ என்றேன். மறுகாவும் போட்டார். இந்தமுறை நான் திருத்தாமல் கேட்டேன். இன்னஸ் அம்மா கேட்ட பிறகும் பிள்ளை அழுகிறது, அப்போது உன் குரல், “அழாதை குஞ்சு, அழாதை, அழாதை” என்று தமிழில். அது என்ன சொல் என்று அந்த அம்மா கேட்கிறார். நீங்கள் சொன்னதுதான் என்று நீ அவருடைய பாஷையில் பதில் சொல்கிறாய், இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள், பிள்ளையும் நிறுத்துகிறது. தேவராசா என் பக்கம் திரும்பி, உங்கட மகளெல்லோ, நல்லாத் தமிழ் கதைக்கிறாவே, டேனிஷ் மட்டும்தான் எண்டு சொன்னீங்க என்றார். தைப்பொங்கலிலிருந்து அந்தக் குரல் என் காருக்குள், என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

பிரெடெரிசியாவில் மேடை ஏறினேன். போன முறை நான் சொன்னது பிழை என்றேன். என் மகள் வாழ்த்தவில்லை, அழுதிருக்கிறாள், கிறீற் என்றால் அவர்கள் மொழியில் அழுகிறது, டேனிஷில் கிறேத என்கிறோமே அதுதான், பிழை என்னுடையது, அவள் எழுதாத ஒரு எழுத்தை நான் போட்டேன் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். சனம் சிரிக்கத் தொடங்கியது. நான் இன்னும் தெளிவாகச் சொல்ல முயன்றேன், சிரிப்பு கூடியது. பின்வரிசையில் இருந்து ஒருவர், “அண்ணை, அந்தப் பாற்சோறு வசனத்தை விடாமல் சொல்லுங்கோ!” என்று கேட்டார். நான் முப்பது வருடமாக முகத்தை நேராக வைத்துக்கொண்டு பகிடிப் பொய் சொன்னவன், அதனால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு உண்மை சொன்னபோது அதுவும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. அழுதிருந்தால் நம்பியிருப்பார்கள். மேடையில் எனக்கு அது வரவில்லை. நிகழ்ச்சி நடத்திய சுசீலாதேவி, நகைச்சுவையோடு நல்ல கருத்துகளைத் தந்த ஐயாவுக்கு நன்றி என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். ஆகவே உன் பெயரை நான் இன்னும் சுத்தம் செய்யவில்லை. அந்த வசனம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் செய்த வசனங்களிலேயே அதுதான் உறுதியானது, என்னால் அதை உடைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு உன் மின்னஞ்சலைக் காட்டினேன். அதுவரை காட்டியிருக்கவில்லை. அம்மா பேராதனையில் பட்டம் எடுத்தவர், ஆங்கிலத்தில் என்னைவிட ஒரு படி மேலே என்பதை நான் இந்த வீட்டில் அதிகம் நினைவுபடுத்துவதில்லை. கிறீற் என்றால் என்ன என்று நான் விளக்க வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்து, “இந்தச் சொல்லு விளங்காட்டிப் போகட்டும். கொண்டாட்டத்துக்கு ஆரும் அயல்வீட்டுக்குச் சூப் கொண்டு போவினமோ?” என்று கேட்டார். பிறகு மேசையில் இருந்த அருள்நாயகியின் சட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலார் சாப்பாடு கொண்டுபோவது எங்களுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நான் ஒரு மலரில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய அந்த மனிசி, உன் வீட்டில் செத்தவீடு என்று விளங்கி, கீழ்வீட்டிலிருந்து சட்டியோடு படி ஏறி வந்திருக்கிறார். உன் தகப்பனுக்கு அது விளங்கவில்லை. அம்மா அந்தச் சட்டியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார், கோபமாகவும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

மாமாவை நினைத்துக்கொள்கிறேன். நீ சின்னவளாக இருந்தபோது அவர் தொலைபேசி எடுத்தால் உன்னைக் கேட்பார், நீ டேனிஷில் பொரிந்து தள்ளுவாய், அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். வெட்கக்கேடு, பிள்ளைக்குத் தமிழ் வரேல்லை என்று நான் தொலைபேசியை வாங்கினால், “அத்தான், அவள் என்ன சொல்லுறாள் எண்டு எனக்கு விளங்கேல்லை, ஆனா நல்லாச் சாப்பிட்டு விளையாடிப்போட்டு வந்திருக்கிறாள் எண்டு விளங்குது, குடுங்கோ அவளிட்டை” என்பார். உன் ஒரு சொல்லும் தெரியாமல் உன்னை விளங்கியவர் அவர். அவருடைய உடலும் கிடைக்கவில்லை, சாம்பலும் இல்லை. ஐயர் முப்பத்தோராம் நாளில் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்றார். அம்மா அதை எஸ்பியேர்க் கடற்கரையில் செய்யவேண்டும் என்று நிற்கிறார். கோயிலடியில் குளம் இருக்கிறதே என்று நான் கேட்டேன். அந்தக் கடலுக்கு மற்றப் பக்கம்தான் பிள்ளை நிற்கிறாள், அவள் வராட்டியும் ஒரே தண்ணியிலை நிற்போம் என்றார்.

நீ வரவேண்டும் என்று கேட்கிறேன். எனக்காக என்று கேட்க எனக்கு முகம் இல்லை, மாமாவுக்காக வா. அபர்டீனிலிருந்து எஸ்பியேர்க்குக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்காரர் வந்துபோகிற சின்ன விமானம் இருக்கிறதாம். கிரியைக்கு முதல்நாள் நான் அங்கே வந்து நிற்பேன். நீ இறங்கினால் என்னோடு கதைக்கவேண்டிய கட்டாயம் இல்லை, பின் ஆசனத்தில் அம்மாவோடு இரு. தேவராசா முன்னால் இருந்து எங்கள் மூவருக்கும் சேர்த்துக் கதைப்பார். நீ இறங்காவிட்டால் நான் திரும்பிப் போவேன், அதை வைத்து எந்த மேடையிலும் ஒரு வசனமும் செய்யமாட்டேன். மேடைக்குப் போகிறதை நிறுத்திவிட்டேன், இதை யாரும் நம்பவில்லை, நீயும் உடனே நம்பவேண்டாம். தேவராசாவின் கட்டுரையின் கைப்பிரதி என்னிடம் இருக்கிறது. “மறுகா” எல்லாவற்றையும் திரும்ப எழுதி, அடுத்த மலரில் போடச்சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஒன்பது இடத்தில் வந்திருக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் “பின்னர்” என்பது எவ்வளவு மொட்டையாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. உன் ஆய்வுக்கட்டுரை அச்சுக்குப் போகும்போது எவனாவது பிழை திருத்துகிறவன் கொக்கி தொங்கவிட வந்தால் விடாதே. நான் அந்த இனம், எனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே ஆனி மாதத்திலும் காற்று ஊசிபோல் இருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், கழுத்தைப் போர்த்துக்கொண்டு போ. இன்னஸ் அம்மாவின் சூப்புச் சட்டி இன்னும் உன்னிடம் இருந்தால், சாவுத் துடக்குக் கழிந்த பிறகு வெறுஞ்சட்டியாகத் திருப்பிக் கொடுக்காதே, அம்மா அதற்கென்று வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல் இதோடு அனுப்புகிறார், அதைச் சட்டிக்குள் வைத்துக் கொடு, காரம் என்று முதலே சொல்லிவிடு, அதை எந்தப் பாஷையில் சொன்னாலும் விளங்கும். என் சார்பில் அவருக்கு ஒரு வணக்கமும் சொல், நான் சொன்னதை எல்லாம் சொல்லவேண்டாம், அதை நானே ஒருநாள் நேரில் வந்து சொல்கிறேன். நீ படிக்கிற படிப்பும், உன்னைச் சுற்றி இருக்கிற நல்ல சனமும் உனக்கு நிலைக்கவேண்டும், எங்கள் ஆயுளிலும் ஒரு பங்கு உனக்குச் சேரவேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம். அம்மா கீழே ஒன்றும் எழுதவில்லை, எழுதச்சொல்லிக் கொடுத்தேன், வாசித்துவிட்டு இது உங்கள் கடிதம் என்று திருப்பித் தந்தார், ஆனால் தபாற்கந்தோருக்குத் தானே கொண்டுபோகிறேன் என்று கதவடியில் நிற்கிறார். கீழே என் பெயருக்கு மேலே ஒரு சொல் இருக்கும். எழுத்து ஒன்றும் விழவில்லை, அது அங்கே இருந்ததே இல்லை. விரலை வைத்து, வாய்விட்டு, உன் ஊர்க் கருத்திலேயே வாசி.

கிறீற்றின்,
உன் அப்பா சண்முகலிங்கம்